தங்கவயலில் வேதும் ஒத்தடமும்: நம் வீட்டுப் பெண்கள் காத்த அனல்

கோலார் தங்கவயல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தங்கம். 2018-க்குப் பிறகு ஒரு சினிமாவும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சுரங்கத்தின் ஆழத்தையும் சைனைடு மண்மேடுகளையும் பற்றிப் பேசுவார்கள். எனக்கோ முதலில் கண்ணுக்குள் வருவது ஒரு மண்பானை. அதன் வாயைத் துணியால் கட்டி, உள்ளே நொச்சி இலை கொதிக்க, பக்கத்தில் கம்பளியோடு உட்கார்ந்திருப்பாள் என் ஆயா. சங்கு ஊதி நைட் ஷிப்ட் முடிந்து நைனா வீட்டுக்குள் நுழைந்ததும், "மேலைத் தொடைச்சிக்கினு வந்து குந்துடா" என்பாள். அந்தப் பானையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தங்கவயலின் வரலாற்றை எழுதியவர்கள் கம்பெனியைப் பற்றியும் தொழிற்சங்கங்களைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். லைன் வீடுகளுக்குள் பெண்கள் செய்துவந்த வைத்தியம் அந்தப் பக்கங்களில் அதிகம் இடம்பெறவில்லை. அது வெறும் "பாட்டி வைத்தியம்" என்று ஒதுங்கிப்போனது. ஆனால் பிரசவம் முதல் சுரங்கக் காய்ச்சல் வரை மூன்று நான்கு தலைமுறைகளைத் தாங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. அது எதைத் தாங்கியது, எதைத் தாங்கவில்லை என்று இரண்டையும் சொல்வதே நேர்மை.

வந்தவர்களும் வந்த மருந்தும்

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்க நிர்வாகத்தை ஏற்ற பிறகுதான் தங்கவயல் பெருகியது. ஆள் தேவைப்பட்டது. அன்றைய வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், செங்கற்பட்டுப் பக்கங்களிலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் நிலமில்லாத, ஊரில் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பம் வரை ரயில் வந்ததும் போக்குவரத்து சுலபமாயிற்று. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. எங்கள் லைன் வீட்டில் நான் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் சிம்னி விளக்குதான்.

ஊரை விட்டு வந்தவர்கள் கையில் கொண்டுவந்தது ஒரு மூட்டை என்றால், அந்த மூட்டையில் ஒரு சின்னப் பொட்டலம் சுக்கும் ஓமமும் இருந்திருக்கும். எங்கள் ஆயா திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரி. ஆண்டுக்கொருமுறை ஊர்த் திருவிழாவுக்குப் போனால், ஜவ்வாது மலைச் சரக்கு ஏதாவது முந்தானையில் முடிந்துகொண்டுதான் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறுவாள். இங்கே கிடைக்காததற்கு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டின் நாட்டு மருந்துக் கடை இருந்தது. நொச்சியும் ஆடாதொடையும் வேலியோரத்தில் கிடைத்தன. கோலார் மாவட்டம் முழுக்கத் தைலமரம் நட்ட பிறகு, அந்த இலையும் எங்கள் வேதுப்பானைக்குள் புகுந்துகொண்டது. ஊரில் இல்லாத மரத்தின் இலையை ஊர்ப் பக்குவத்தில் சேர்த்துக்கொள்ள எங்கள் பெண்களுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

பச்சை உடம்பு

பிள்ளை பெற்றவளை நம் பக்கத்தில் "பச்சை உடம்புக்காரி" என்போம். சுடாத பானை எப்படித் தண்ணீர் பட்டால் கரையுமோ, அப்படி அவள் உடம்பு குளிர் பட்டால் கெட்டுவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே அவளைச் சூட்டில் வைத்துத் தேற்ற வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருக்கும் தங்கவயலில் மார்கழிக் காற்று மூங்கில் தட்டிச் சுவருக்குள் புகுந்து வரும். சமவெளியிலிருந்து வந்த பெண்களுக்கு அந்தக் குளிர் புதிது. எனவே ஊரில் செய்ததை இங்கே இன்னும் கவனமாகச் செய்தார்கள்.

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை, சித்தரத்தை, பெருங்காயம் எல்லாம் வறுத்து இடித்து, பூண்டும் வெல்லமும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டி உருட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதைக் காயமருந்து என்போம். தினம் காலையில் ஓர் உருண்டை. வேப்பிலையும் நொச்சியும் மஞ்சளும் போட்டுக் கொதித்த நீரைத் தாங்கும் சூட்டில் இடுப்பில் வீசி வீசி ஊற்றுவார்கள். குளித்ததும் சாம்பிராணிப் புகை. கட்டிலுக்குப் பக்கத்தில் கணப்புச்சட்டி. வலி எடுத்தால் கல்லுப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம்.

இதில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. ஒத்தடத்தால் தசைவலி தணியும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்ளும். பெற்றவளை வீட்டு வேலையிலிருந்து விலக்கி உட்காரவைத்ததே பெரிய நன்மை. ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அவளுக்குத் தாகத்துக்குக்கூட அளந்து கொடுத்தார்கள். 1966-இல் என் பெரியக்கா தலைப்பிரசவத்தின் நாலாம் நாள் மயங்கி விழுந்தது இன்னும் நினைவிருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் அதிகம் தேவை என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அடைத்த அறையில் கரி எரிப்பதும், தட்டி வீட்டில் நெருப்பு வைப்பதும் எத்தனை ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

சயாமிலும் இதே அனல்

சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் வேலை நிமித்தம் தாய்லாந்து போயிருந்தான். போனில், "நைனா, இங்கயும் நம்ம ஆயா மாதிரிதான் பண்றாங்க" என்றான். விசாரித்தபோது வியப்பாக இருந்தது. தாய்லாந்துக் கிராமங்களில் பிரசவித்த பெண் நெருப்பருகே படுத்திருப்பதற்கு "யூ ஃபாய்" என்று பெயர். 1687-இல் பிரெஞ்சு அரசனின் தூதராகச் சயாமுக்குப் போன லா லூபேர் இந்த வழக்கத்தைத் தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார். மண்கலயத்தில் உப்பைச் சூடாக்கித் துணியில் சுற்றி வயிற்றின் மேல் ஒற்றுவதும் அங்கே உண்டு. மஞ்சள், எலுமிச்சைப்புல், கற்பூரம், பிளாய் என்கிற இஞ்சி வகை ஆகியவற்றைத் துணியில் பந்துபோலக் கட்டி ஆவியில் சூடாக்கி ஒற்றும் மூட்டைக்கு "லூக் ப்ரகோப்" என்று பெயர். மலேசியாவில் மலாய்க்காரர்கள் சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றி இதே வேலையைச் செய்வதை அங்குள்ள நம் உறவினர்கள் அறிவார்கள்.

யார் யாரிடம் கற்றார்கள் என்று வாதம் செய்ய நான் வரவில்லை. பெற்றவள் உடம்பு குளிர்ந்துபோகும், சூடுதான் அதைத் தேற்றும் என்ற எண்ணம் ஆசியாவின் பல மக்களுக்குப் பொது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தாய்லாந்தில் ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்ததும் யூ ஃபாய் குறைந்தது. பிறகு அரசே பாரம்பரிய மருத்துவத்தைப் பயிற்சியோடு மீட்டெடுத்தது. நம் ஆயாமார்களின் கைப்பக்குவத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

பண்டிதரும் பாட்டிமாரும்

ஏட்டில் இது இல்லாமல் இல்லை. சித்த மருத்துவம் உள்மருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம், தொக்கணம், புகை எல்லாம் புறமருந்தில் சேரும். எழுத்தறியாத என் ஆயா செய்தவற்றுக்கெல்லாம் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது.

தங்கவயல் மக்கள் மதித்துப் போற்றிய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஒரு சித்த மருத்துவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. 1907-இல் அவர் தொடங்கிய "ஒரு பைசாத் தமிழன்" இதழுக்கு இங்கே ஆர்வமான வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. அவர் நூல்களைச் சாம்பியன் ரீப்பின் சித்தார்த்த புத்தகசாலை பின்னாளில் அச்சிட்டது. தாய்லாந்து வைத்தியர்கள் புத்தரின் மருத்துவரான சீவகரைக் குருவாக வணங்குகிறார்கள். இங்கே ஒரு வைத்தியர் நம்மைப் பௌத்தத்துக்கு அழைத்தார். இந்தப் பொருத்தத்தை நினைக்க எனக்குப் பிடிக்கும். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் நிறுவ நான் முயலவில்லை.

கீழே அனல், மேலே பனி

பிரசவ அறைக்கு அடுத்தபடி வேதுப்பானை உழைத்தது சுரங்கத்திலிருந்து வந்த ஆண்களுக்காக. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காற்றைக் குளிர்வித்து அனுப்பினாலும் வியர்வை ஆறாக ஓடும். எட்டு மணி நேரம் அப்படி வெந்துவிட்டு, கூண்டில் ஏறி மேலே வந்தால் விடியற்காலைப் பனி முகத்தில் அறையும். நனைந்த சட்டையோடு வீட்டுக்கு நடை. உடம்பு வலியும் நீர்க்கோவையும் வராமல் என்ன செய்யும்?

செங்கல்லை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, நொச்சி போட்ட நீரில் இறக்குவாள் ஆயா. ஆவி குபுகுபு என்று கிளம்பும். கம்பளிக்குள் நைனா தலையை நீட்டுவார். முதுகுக்கு எருக்கிலையில் எண்ணெய் தடவி வாட்டிப் போடுவாள். முழங்கால் வீக்கத்துக்கு மணல் ஒத்தடம். இருமலுக்குத் தூதுவளை, ஆடாதொடைக் கஷாயம். தூசு இறங்கட்டும் என்று ஒரு துண்டு வெல்லம். அரைமணி நேரத்தில் நைனா முகம் தெளிந்துவிடும். "இப்பதான்டா மூச்சு வருது" என்பார்.

அந்த இருமல்

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. நைனா டிரில் பிடித்தவர். தங்கம் இருந்தது படிகக்கல்லில். அதைத் துளைத்து வெடிக்கும்போது எழும் சிலிகாத் தூசு நுரையீரலுக்குள் போய்த் தங்கி, அதை மெல்ல மெல்லத் தழும்பாக்கிவிடும். அதுதான் சிலிகோசிஸ். வந்துவிட்டால் தீராது. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்ததில் 3,402 பேருக்கு இந்த நோய் இருந்ததாக 1947-இல் வெளியான ஆய்வு கூறியது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல்! அந்த ஆய்வு வெளிவந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் வீட்டில் அந்தச் சொல் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த சொல் சளி.

1967 வாக்கில் நைனாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாங்கள் வேது பிடித்தோம். ஆயா போன பிறகு அம்மா பிடித்தாள். வேது பிடித்ததும் கொஞ்சம் தெம்பு வரும். அந்தத் தெம்பில் அவர் மறுநாள் ஷிப்டுக்குப் போய்விடுவார். ஏழு ஆண்டுகள் இப்படியே போயின. 1974-இல் பெங்களூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இது சளியில்லை, தூசு. இவரைக் கீழே அனுப்பாதீங்க" என்றார். 1979-இல் நைனா காலமானார். முதலிலேயே தூசிலிருந்து விலகியிருந்தால் இன்னும் சில ஆண்டு இருந்திருக்கலாம். நஷ்டஈடு கேட்கவும் வழி இருந்திருக்கும்.

இதற்கு ஆயாவின் பானையைப் பழிக்கலாமா? பல நாள் யோசித்திருக்கிறேன். அவள் பிள்ளையின் வலியைத் தணித்தாள். அது அவளால் ஆனது. பாறைத்தூசு என்னவென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் சொல்லித்தரவில்லை. படித்த பையன்களான நாங்களும் கேட்கவில்லை. சுகம் கிடைத்ததைக் குணம் கிடைத்ததாக நாங்கள் எடுத்துக்கொண்டோம். தவறு அங்கேதான் நடந்தது.

எஞ்சியிருப்பது

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவாகி, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு வேலை நின்றது. பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். லைன் வீடுகளில் கிழவிகள் தங்கினார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது நாடெங்கும் திடீரென்று எல்லாரும் வேது பிடித்தார்கள். கொதிநீர் கொட்டிக் குழந்தைகள் வெந்துபோன செய்திகளும் வந்தன. பக்குவம் தெரிந்த கை அருகில் இல்லாமல் பானை மட்டும் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

போன ஆண்டு என் பேத்திக்குப் பெங்களூரில் பிரசவம். காயமருந்து உருட்ட என் மனைவிக்கு மட்டும்தான் கணக்குத் தெரிந்திருந்தது. டாக்டரம்மாவைக் கேட்டு, காரத்தைக் குறைத்து, பக்கத்திலேயே ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துக் கொடுத்தாள். கணப்புச்சட்டி வைக்கவில்லை. இடுப்புக்கு வெந்நீர் மட்டும் பழையபடி ஊற்றினாள்.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஆயாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். எந்த இலை, எத்தனை பிடி, எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே, அது எந்த நோய்க்கு உதவவில்லை என்பதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் முதல் பக்கம் காயமருந்து. இரண்டாம் பக்கத்தில், இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் வேது பிடித்துக்கொண்டு இருக்காதே, எக்ஸ்ரே எடு என்று நைனா பெயரைப் போட்டு எழுதியிருக்கிறேன்.