வாக்குரிமையும் படைப்பணியும்: ஐன்லைன், ஹால்ட்மன் புதினங்களில் குடிமை

ராபர்ட் ஐன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ (1959) இராணுவ ஆட்சியைப் போற்றும் புதினமாகவே பலராலும் மதிப்பிடப்படுகிறது. இம்மதிப்பீடு, அப்புதினம் வகுக்கும் அரசமைப்பின் ஓர் அடிப்படை விதியைக் கருத்திற்கொள்வதில்லை. கூட்டாட்சிப் பணியை நிறைவு செய்தோர்க்கே அங்கு வாக்குரிமை உண்டு. ஆயினும் பணியிலிருக்கும் வரை படைவீரர் வாக்களிக்க இயலாது. படையிலிருந்து விடுபட்ட பின்னரே அவர் குடிமகன் ஆகிறார். பணியும் கட்டாயமன்று. அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேர்ப்பு நடைமுறையிலிருந்த காலத்தில் ஐன்லைன் அதனை எதிர்த்தவர் என்பதும் இங்கு நினையத்தக்கது.

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. பணி முடித்தோர் 20 பேரில் 19 பேர் படைசாராதவர் எனப் புதினமே கூறுவதாக 1980இல் ஐன்லைன் விளக்கமளித்தார். அவ்வாறு வெளிப்படையாகக் கூறும் பகுதி எதுவும் அதில் இல்லை. வாசகர் காண்பன வகுப்பறையும் பயிற்சி முகாமும் போர்க்களமுமே. கதைத்தலைவன் ரிக்கோ ஒருமுறையேனும் வாக்களிப்பதில்லை. எந்த உரிமையின் பொருட்டு இத்தனை இழப்புகளோ, அவ்வுரிமை கதைக்குப் புறத்தே நின்றுவிடுகிறது.

வியட்நாம் போரில் காயமுற்ற ஜோ ஹால்ட்மனின் ‘தி ஃபாரெவர் வார்’ (1974) புதினத்தில் மண்டெல்லா சட்டத்தின் வழியே வலிந்து படையில் சேர்க்கப்படுகிறார். ஒளிவேகத்தை அணுகும் பயணங்களால், அவருக்குச் சில ஆண்டுகள் கழியும்போது புவியில் நூற்றாண்டுகள் கழிகின்றன. முதன்முறை திரும்பியவர், அந்நியமாகிவிட்ட சமூகத்தில் நிலைகொள்ள இயலாமல் மீண்டும் படையையே நாடுகிறார். ஐன்லைன் பணிக்குப் பின்னர்த் தருவதாகச் சொன்ன குடிமை இங்கு எவரிடம் பெறப்படுவது? 1143 ஆண்டுகள் நீடித்த போர் முடிந்தபின் மண்டெல்லா குடியேறுவது, தம்மையொத்த பழைய மனிதர்க்கென ஒதுக்கப்பட்ட வேறொரு கோளில்.