ஓடுவதற்கு எந்தச் சப்பாத்து?

பால்மரம் வெட்டப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, ‘அடிடாஸ் கம்போங்’, இன்று காட்டுப் பாதையில் ஓடுகிறவர்கள் காலிலும் இருக்கிறது. பெயர்தான் அடிடாஸ்; அந்த நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல. குதிகால் உயரமோ மெத்தையோ இல்லை. அடியிலுள்ள முளைகள் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். தார் சாலைக்கு அது சுகப்படாது.

கடையில் விற்கும் வழக்கமான ஓட்டக் காலணியில் குதிப்பகுதி முன்பகுதியைவிடப் பொதுவாக 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். இயல்பான ஓட்டத்துக்கு ஏற்றவை எனப்படுபவற்றில் அது 0 முதல் 4 மில்லிமீட்டர்தான். விலையைப் பார்க்குமுன் முன்பகுதியின் அகலத்தைப் பாருங்கள். விரல்கள் விரிய வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி வென்றார். அவர் அப்படி ஓடிப் பழகியவர். மெத்தைக் காலணியிலேயே ஓடியவர் திடீரென மாறினால் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நாணுக்கும் சுமை கூடும், காயம் வரலாம். முதலில் நடந்து பழகி, பிறகு வாரத்தில் ஓரிரு நாள் சில நிமிடங்கள் ஓடினால் போதும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.