ஏலம் போட்ட வரிசையும் காலம் போட்ட வரிசையும்

ஐ.பி.எல். ஏலம் முடிந்த மறுநாள் எங்கள் காலேஜ் கேன்டீனில் ஒரே பேச்சுதான். நம்ம பசங்களில் யாருக்கு எத்தனை கோடி? கோடி அதிகமாகப் போனவன் பெரிய ஆட்டக்காரன், அடிப்படை விலைக்குப் போனவன் சும்மா எண்ணிக்கைக்கு. அரை மணி நேரத்தில் பட்டியல் தயாராகிவிடும். டீ ஆறுவதற்குள் தீர்ப்பும் வந்துவிடும்.

வணிகவியல் படிக்கிறவனுக்கு முதல் வருடமே சொல்லித்தரும் பாடம், விலை வேறு மதிப்பு வேறு என்பது. அந்தப் பாடத்தைக் கிரிக்கெட்டில் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதனால் டி.என்.பி.எல். எனும் தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாக மேலே போன ஐந்து பேரை எடுத்துக்கொண்டேன். முதல் முறை விலை போன அன்று அவர்கள் எந்த வரிசையில் நின்றார்கள், பிறகு எந்த வரிசைக்கு வந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பேஸ்பால்

இளம் வீரர்களை வரிசைப்படுத்துவதை ஒரு தொழிலாகவே செய்கிறவர்கள் அமெரிக்கப் பேஸ்பால்காரர்கள். அங்கே ஏலம் கிடையாது, 'டிராஃப்ட்' உண்டு. 1965-ல் தொடங்கியது. பள்ளி, கல்லூரி முடித்த வீரர்களை அணிகள் ஒவ்வொன்றாக முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். அது முடிந்ததும், எந்த அணியிடம் எந்தச் சின்னப் பையன் தேறுவான் என்று பத்திரிகைகள் பட்டியல் போடும்.

அந்தப் பட்டியல்கள் எவ்வளவு தூரம் பலித்தன? 1991-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லருக்கு 15 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. தோளில் காயம்பட்டு, அவர் கடைசிவரை ஒரு பெரிய லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. 1988-ல் மைக் பியாசாவை எடுத்தது 62-வது சுற்றில், 1390-வது ஆளாக! அவர் 2016-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்.

இந்த இரண்டு கதைக்கும் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. பியாசா தேர்வான அடுத்த நாளே பெரிய மைதானத்துக்குப் போகவில்லை. சின்ன லீக்குகளில் படிப்படியாக ஆடி, 1992-ல்தான் மேலே வந்தார். அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே பல அடுக்கில் சின்ன அணிகள் உண்டு. 1920-களில் செயின்ட் லூயிஸ் அணியில் பிராஞ்ச் ரிக்கி வளர்த்தெடுத்த ஏற்பாடு இது. அவர்கள் அதைப் பண்ணை என்பார்கள். நம்மூர் வழக்கில் சொன்னால் நாற்றங்கால். விதைத்தவனே தண்ணீர் பாய்ச்சி, விளையும்வரை காத்திருப்பான்.

நம்ம ஊர் நாற்றங்கால்

தமிழ்நாட்டில் ரொம்ப நாளாக இருந்தது ஒரே பாதைதான். கோவையோ சேலமோ நெல்லையோ, பெரிய அளவில் ஆட வேண்டும் என்றால் சென்னைக்குப் போய் லீக் டிவிஷன் கிரிக்கெட் ஆட வேண்டும். அங்கே தங்கவும் சாப்பிடவும் வழி வேண்டும். ஊரில் டென்னிஸ் பாலில் விக்கெட்டை எகிற வைத்த எத்தனையோ பேர் அந்தச் செலவிலேயே நின்றுபோனார்கள்.

2016 ஆகஸ்டில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டி.என்.பி.எல்.-ஐ ஆரம்பித்தது. எட்டு அணிகள். வெளிமாநில வீரர்களுக்குக் கிரிக்கெட் வாரியம் அனுமதி தரவில்லை. அதுவே நல்லதாகிவிட்டது, எல்லா இடமும் நம்ம பசங்களுக்கே கிடைத்தது. நத்தத்திலும் நெல்லை சங்கர் நகரிலும் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், அதுவும் டிவியில் நேரலை. பிறகு கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானம், சேலம் வாழப்பாடி மைதானம் ஆகியவையும் சேர்ந்தன. முன்பு வீரன் சென்னைக்குப் போய்த் தன்னைக் காட்ட வேண்டும். இப்போது ஐ.பி.எல். அணிகளின் ஆட்கள் இங்கே பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஏலம் போட்ட வரிசை

ஐந்து பேரும் ஐ.பி.எல். ஏலத்தில் முதலில் விலை போனது இப்படி:

1. வருண் சக்கரவர்த்தி – ரூ.8.40 கோடி (2018 டிசம்பர், பஞ்சாப்)
2. ஷாருக் கான் – ரூ.5.25 கோடி (2021, பஞ்சாப்)
3. டி.நடராஜன் – ரூ.3 கோடி (2017, பஞ்சாப்)
4. ஆர்.சாய் கிஷோர் – ரூ.20 லட்சம் (2019 டிசம்பர், சென்னை)
5. சாய் சுதர்சன் – ரூ.20 லட்சம் (2022, குஜராத்)

வருணின் அடிப்படை விலை 20 லட்சம். அதாவது 42 மடங்கு! நடராஜனுடையது 10 லட்சம், போனது 30 மடங்கு. கடைசி இரண்டு பேரும் அடிப்படை விலையில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

பிறகு நடந்தது

நடராஜனிலிருந்து ஆரம்பிப்போம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். கூலி வேலை செய்த குடும்பம், டென்னிஸ் பால் ஆட்டம், ஜெயப்பிரகாஷ் என்ற ஊர்க்காரரின் ஆதரவு, பிறகு சென்னை. 2015-ல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோது பந்துவீசும் முறையில் சந்தேகம் எழுந்து, அதைத் திருத்திக்கொண்டு திரும்பி வர வேண்டியிருந்தது. 2016 டி.என்.பி.எல்.-ல் திண்டுக்கல் அணிக்காக, தூத்துக்குடிக்கு எதிரான சூப்பர் ஓவரில் யார்க்கர் மேல் யார்க்கராகப் போட்டார். எதிரே நின்றவர்களில் ஒருவர் வாஷிங்டன் சுந்தர். அந்த ஓவர்தான் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 3 கோடி வந்தது.

ஆனால் 2017-ல் பஞ்சாபுக்கு 6 ஆட்டம், 2 விக்கெட். 2018 பெரிய ஏலத்தில் பஞ்சாப் மறுபடி எடுக்கவில்லை. ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு வருடம் ஒரு ஆட்டமும் கிடைக்கவில்லை. 2020-ல்தான் வாய்ப்பு வந்தது, 16 விக்கெட். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். அப்படிச் செய்த முதல் இந்தியர் அவர்தான். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் டெஸ்ட். இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரர் நடராஜன். 301-வது யார் தெரியுமா? வாஷிங்டன் சுந்தர். அந்தச் சூப்பர் ஓவரில் எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே நாளில் தொப்பி வாங்கினார்கள்.

அடுத்து வருண். கட்டடக்கலை படித்து வேலை பார்த்துவிட்டு, 25 வயதுக்கு மேல் கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். 2018-ல் மதுரை பாந்தர்ஸ் கோப்பை வென்றபோது அவர் பந்தில் ரன் எடுக்கவே தடுமாறினார்கள். 8.40 கோடிக்குப் போய், ஐ.பி.எல்.-ல் போட்ட முதல் ஓவரிலேயே 25 ரன். அந்த வருடம் அந்த ஒரே ஆட்டம்தான், அப்புறம் காயம். பஞ்சாப் விட்டுவிட்டது. கொல்கத்தா 4 கோடிக்கு, அதாவது பாதிக்கும் குறைவான விலைக்கு எடுத்தது. 2020-ல் 17 விக்கெட். 2021 டி20 உலகக் கோப்பையில் விக்கெட்டே கிடைக்காமல் இந்திய அணியிலிருந்து வெளியேறியபோதும் கொல்கத்தா கைவிடவில்லை. 2024 அக்டோபரில் மீண்டும் இந்திய அணி. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டத்தில் 9 விக்கெட். அதே வருடம் செப்டம்பரில் டி20 பந்துவீச்சில் உலகின் முதலிடம்.

சாய் சுதர்சன் விஷயம் கணக்குப் படிக்கிறவர்களுக்குச் சுவாரசியமானது. 2021-ல் நம்ம கோவை கிங்ஸுக்காக 8 ஆட்டத்தில் 358 ரன். ஐ.பி.எல்.-ல் கிடைத்தது 20 லட்சம். 2023-ல் டி.என்.பி.எல். டிராஃப்டை விட்டுவிட்டு முதல்முறையாக ஏலத்துக்கு மாறியது. அதில் கோவை அணி அவரை எடுத்த விலை 21.60 லட்சம்! உள்ளூரில் கொடுத்தது ஐ.பி.எல். விலையைவிட அதிகம். அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. சில மாதத்தில் ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் 47 பந்தில் 96 அடித்தார். 2025-க்கு குஜராத் அவரை 8.50 கோடிக்குத் தக்கவைத்தது. 759 ரன்னுடன் ஆரஞ்சு தொப்பி, ஜூனில் லீட்ஸில் டெஸ்ட் அறிமுகம்.

சாய் கிஷோர் சென்னை அணியில் இரண்டு வருடம் வெளியே உட்கார்ந்திருந்தார். பிறகு குஜராத்தில் 3 கோடி, 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அறிமுகம். 2025-ல் திருப்பூர் தமிழன்ஸுக்கு டி.என்.பி.எல். கோப்பை வென்று தந்த கேப்டனும் அவர்தான்.

ஷாருக் கான் 2022-ல் பகிர்ந்துகொண்ட கோப்பைக்கும் 2023-ல் தனியாக வென்ற கோப்பைக்கும் கோவை கிங்ஸின் கேப்டன். கோவைக்காரர்கள் அவரைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் 9 கோடி வரை ஏறிய விலை 2025-க்கு 4 கோடியாக இறங்கியது. கடைசி மூன்று ஓவருக்கு மட்டும் இறங்குகிறவருக்கு ஒரு வருடம் என்பது பத்து, பன்னிரண்டு பந்து வாய்ப்புகள்தான். அதை வைத்து ஏற்றுவதும் இறக்குவதும் எப்படிச் சரியாகும்?

என் வரிசை

என்னைக் கேட்டால் வருண், சாய் சுதர்சன், நடராஜன், சாய் கிஷோர், ஷாருக் கான். சாய் சுதர்சன் கடைசியிலிருந்து இரண்டாவதுக்கு ஏறினார். முதலிடம் மட்டும் மாறவே இல்லை. அப்படியென்றால் வருண் விஷயத்தில் ஏலம் சரியாகத்தானே சொன்னது?

சரியாகச் சொன்னது. ஆனால் சரியான விலை கொடுத்த பஞ்சாபுக்குப் பலன் இல்லை, பாதி விலை கொடுத்துக் காத்திருந்த கொல்கத்தாவுக்குப் பலன். 3 கோடி கொடுத்த பஞ்சாபுக்கு நடராஜனின் யார்க்கர் கிடைக்கவில்லை, 40 லட்சம் கொடுத்த ஹைதராபாத்துக்குக் கிடைத்தது. இந்த ஐந்து கதையிலும் ஒருவரை மேலே கொண்டுவந்தது முதல் விலை இல்லை. முதல் சறுக்கலுக்குப் பிறகு யாராவது வைத்திருந்தார்களா என்பதுதான்.

பேஸ்பாலில் காத்திருப்பது விதியாகவே இருக்கிறது. (அதற்கும் ஒரு விலை உண்டு. சின்ன லீக் வீரர்கள் பல காலம் சொற்பச் சம்பளத்தில் கட்டுண்டு கிடந்தார்கள், 2022-ல்தான் சங்கம் கிடைத்தது.) நம்மிடம் நாற்றங்கால் ஒருவருடையது, வயல் இன்னொருவருடையது. டி.என்.பி.எல். நாற்று விடுகிறது, ஐ.பி.எல். பிடுங்கி நடுகிறது. முதல் வருடம் கதிர் வராவிட்டால் பிடுங்கிப் போட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

இதில் கொங்குப் பக்கத்துப் பையன்களுக்கு என்ன என்கிறீர்களா? மேலே சொன்ன ஐவரில் நான்கு பேர் சென்னையில் வளர்ந்தவர்கள். நடராஜன் ஒருவர்தான் மாவட்டத்திலிருந்து வந்தவர். வெளியே உட்கார வைத்த இரண்டு வருடத்தைச் சென்னைப் பையன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, லீக் ஆடிக்கொண்டு கழிக்கலாம். மதுக்கரையிலிருந்தோ பல்லடத்திலிருந்தோ போகிறவன் அந்த இரண்டு வருடத்தில் வேலைக்குப் போய்விடுவான். நடராஜனுக்கு ஒரு ஜெயப்பிரகாஷ் இருந்தார். எல்லோருக்கும் இருப்பாரா?

ஆகவே அடுத்த ஏலம் முடிந்ததும் கோடிகளை எண்ணுவோம், தப்பில்லை. கூடவே, போன வருடம் எடுத்து இந்த வருடம் விடுவித்த பெயர்கள் யார் யார் என்றும் ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். அடுத்த நடராஜன் அநேகமாக அதில்தான் இருப்பார்.