காசநோயும் இரத்தத்தின் சாட்சியமும்

"ஒரு துளி இரத்தத்தில் காசநோயைக் கண்டறியலாம்" என்னும் தலைப்பைப் பத்திரிகைப் பணியில் பல தடவை கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அச்செய்தி புதிய பெயருடன் வரும். பின்னர் ஓசையின்றி மறைந்துவிடும். அதற்கான காரணத்தை அறிய விரும்புவோர் 1890 ஆம் ஆண்டின் பேர்ளின் நகருக்குச் செல்லவேண்டும்.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக 1882 மார்ச் 24 இல் அறிவித்த ரொபேர்ட் கொக், எட்டு ஆண்டுகளின் பின்னர் அதே நகரில் நடைபெற்ற சர்வதேச மருத்துவ மாநாட்டில், அக்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்று தம்மிடம் இருப்பதாகத் தெரிவித்தார். நோயாளர்கள் பேர்ளினை நோக்கி விரைந்தனர். ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய மருத்துவர் ஆர்தர் கொனன் டொயிலும் அங்கு சென்றார். ஆரவாரத்தில் மயங்காது எச்சரிக்கையுடன் எழுதிய சிலருள் அவரும் ஒருவர். அந்த மருந்து எதனாலானது என்பதைக் கொக் உடனே வெளியிடவில்லை. கிருமியிலிருந்து கிளிசரின் கொண்டு எடுத்த சாறு என்பது 1891 இல் தெரியவந்தது. 'டியூபர்குலின்' எனப்பட்ட அது நோயைக் குணமாக்கவில்லை. சிலர் மாண்டனர்.

ஆனால், மருந்தாகத் தோற்ற அப்பொருள் பரிசோதனையாக நிலைத்தது. வியன்னாவின் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே 1907 இல் அதனைத் தோற்கீறலில் இட்டுப் பார்த்தார். நோயின் அடையாளமே இல்லாத பிள்ளைகளின் தோலும் தடித்தது. கிருமி உடலுட் புகுந்து உறங்கிக் கிடக்கலாம் என்பது இவ்வாறே புலனாயிற்று. 1908 இல் பிரான்சின் சார்ள்ஸ் மாந்து அதனைத் தோலினுள் ஏற்றும் ஊசியாக மாற்றினார். 48 முதல் 72 மணித்தியாலங்களின் பின்னர் தடிப்பை அளக்கும் அந்த முறை இன்றும் வழக்கில் உள்ளது.

குழப்பமும் அங்கேதான் தொடங்கியது. தோல் தடிப்பது உடலின் ஞாபகத்தை மட்டுமே காட்டுகின்றது. 1921 இல் மனிதருக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசியும் அதே ஞாபகத்தை ஏற்படுத்தக்கூடியது. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகளும் அவ்வாறே. தமிழ்நாட்டின் செங்கல்பட்டில் 1968 இல் ஆரம்பித்து, சுமார் 260,000 பேரை உள்ளடக்கிய பி.சி.ஜி. ஆய்வு இதற்குச் சான்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி அங்கு தடுக்கவில்லை. உறவுக் கிருமிகளின் பழக்கத்தால் எழும் தோல் எதிர்வினையும் அம்மக்களிடையே பரவலாக இருந்தது.

விடையின் ஒரு பகுதி அவுஸ்திரேலியாவின் மாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்தது. 1980களின் இறுதியில், மாடுகளின் இரத்தத்தைக் கிருமியின் புரதத்துடன் கலந்துவைத்து, வெள்ளை அணுக்கள் சுரக்கும் 'இன்ரர்பெரோன் காமா' என்ற பொருளை அங்கு அளந்தனர். அதன் மனித வடிவத்திற்கு அமெரிக்கா 2001 இல் அனுமதியளித்தது. பி.சி.ஜி.யில் இல்லாத இரு புரதங்களைப் பயன்படுத்தும் முறை அடுத்து வந்தது. பிறந்தவுடன் தடுப்பூசி பெறும் நம்மவர்க்கு இது பெரும் ஆறுதல். வெளிநாட்டு மருத்துவமனைகளில் வேலைக்குச் சேரும் தாதியர் பலர் இவ்வேறுபாட்டைத் தம் அனுபவத்தில் அறிவர். எனினும் உறங்கும் கிருமியையும் விழித்த நோயையும் இப்பரிசோதனையாலும் பிரித்தறிய முடியாது.

இந்த எல்லையை மறந்த வணிகம் பெருந்தீங்கு விளைவித்தது. இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளை அளந்து நோயைச் சொல்வதாகக் கூறிய பரிசோதனைகள் வறிய நாடுகளில் விற்கப்பட்டன. நோயற்றோர் மாதக்கணக்கில் மருந்துண்டனர். நோயுற்றோர் 'நோயில்லை' என்ற தாளுடன் வீடு திரும்பினர். 2011 இல் உலக சுகாதார ஸ்தாபனம் அவற்றைப் பயன்படுத்தவேண்டாம் என வெளிப்படையாக அறிவித்தது. இந்தியா 2012 இல் தடைவிதித்தது.

தற்போதைய தேடல் மரபணுக்களிடம் சென்றுள்ளது. நோய் விழிக்கும்போது வெள்ளை அணுக்களில் எந்த மரபணுக்கள் செயற்படுகின்றன என்பதை இலண்டனிலும் தென்னாபிரிக்காவிலும் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 2010 இல் காட்டியது. நோய் வெளிப்படுவதற்கு ஓராண்டு முன்னரே 16 மரபணுக்கள் சைகை தருவதாக 2016 இல் இன்னோர் ஆய்வு கூறியது. ஆனால், 11 மரபணுக்களின் சைகையை நம்பித் தடுப்பு மருந்து கொடுத்த தென்னாபிரிக்கப் பரீட்சார்த்தத்தில் நோயாளர் தொகை குறையவில்லை என்று 2021 இல் தெரியவந்தது.

உலக மக்களில் நாலில் ஒருவர் இக்கிருமியின் தொற்றுக்கு உள்ளானவர் என்பது மதிப்பீடு. அவர்களுள் 100 பேரில் 5 முதல் 10 பேரே வாழ்நாளில் நோயாளராகின்றனர். அந்தச் சிலர் யாவர் என்பதைத்தான் பிர்க்கேயின் காலம் முதல் தேடிக்கொண்டிருக்கிறோம். 2023 இல் மட்டும் 12.5 இலட்சம் பேர் இந்நோயால் மாண்டனர்.

எனவே வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். இரத்தப் பரிசோதனையில் 'உண்டு' என வந்த ஒருவரை நோயாளியென ஒதுக்குவது அநியாயம். 'இல்லை' என்ற தாளை நம்பி, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலை அலட்சியம் செய்வது ஆபத்து. நுரையீரலில் நோய் விழித்திருக்கிறதா என்பதற்கு, கொக் தேடிய அதே கிருமியைச் சளியிற் கண்டறிவதே இன்றும் உறுதியான சாட்சியம்.