இசைப்போரை வரைதல்: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸிலும் லண்டனிலும்

இசை நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே இசைக்கலைஞரைக் கோட்டில் பிடிக்கும் வழக்கம், ஒலிப்பதிவு இல்லாத காலத்தின் இசை வரலாற்றுக்கு முக்கியமான சான்றாகும். தாகுவேரின் ஒளிப்பட முறை 1839-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் தொடக்க காலக் கருவிகளின் முன் உருவம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. வில்லை இழுக்கும் கையை அவற்றால் பிடிக்க முடியாது. எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877-ல்தான் வந்தது. இதற்கு முன் ஒருவர் எப்படி நின்று வாசித்தார், கருவியை எப்படிப் பிடித்தார், பாடும்போது முகம் என்ன ஆனது என்பவற்றைப் பெரும்பாலும் எழுத்தும் ஓவியமுமே சொல்கின்றன.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. இந்த ஓவியங்களை எந்த அளவுக்கு நம்பலாம்? பாரிஸ், லண்டன் ஆகிய இரு நகரங்களின் சில படைப்புகளைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

பாகனினியின் இரு உருவங்கள்

வயலின் மேதை நிக்கோலோ பாகனினியை 1819-ல் ரோம் நகரில் ஆங்க்ர் பென்சிலால் வரைந்தார். ஆங்க்ர் தாமும் வயலின் வாசித்தவர். ஒருவர் தம் தொழிலுக்கு அப்பால் ஈடுபாட்டோடு செய்யும் வேலையைப் பிரெஞ்சு மொழியில் 'ஆங்க்ரின் வயலின்' என்று சொல்வது அதனால்தான். அவருடைய படத்தில் பாகனினி நேர்த்தியான உடையில், வயலினையும் வில்லையும் வைத்துக்கொண்டு நிற்கிறார். வாசிக்கவில்லை. உருவம் கொடுப்பதற்காக ஓவியர் முன் நின்ற மனிதர் அவர்.

பாகனினி 1831 மார்ச் 9 அன்று பாரிஸ் ஓபராவில் முதன்முறையாக வாசித்தார். அவர் வாசிப்பைக் கேட்ட தெலக்ருவா அதே ஆண்டில் ஒரு சிறிய எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டினார். அதில் கறுப்பு உடை இருளோடு கலந்துவிடுகிறது. முகமும் கைகளும் மட்டும் வெளிச்சத்தில் தெரிகின்றன. உடல் ஒரு பக்கம் சாய்ந்து வளைந்திருக்கிறது. சட்டையின் பொத்தானையோ வயலினின் தந்திகளையோ அதில் தேடிப் பயனில்லை.

இரண்டும் ஒரே மனிதரின் உருவங்கள். அவர் முகச்சாயலை அறிய ஆங்க்ரிடம் போக வேண்டும். அவர் வாசித்ததைப் பார்த்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அறிய தெலக்ருவாவிடம் போக வேண்டும். ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றொன்றிடம் கேட்டால் தவறான விடையே கிடைக்கும்.

மேடைக்குக் கீழே

பாரிஸ் ஓவியர்களின் பார்வை பின்னர் மேடையிலிருந்து அதன் கீழே உள்ள வாத்தியக் குழுவின் பள்ளத்துக்கு இறங்கியது. கேலிச்சித்திரக்காரர் தோமியே 1852-ல் வெளியிட்ட கல்லச்சுப் படம் ஒன்றில், மேலே சோக நாடகம் நடக்கிறது. நடிகர்களின் கால்களே நமக்குத் தெரிகின்றன. கீழே வாத்தியக்காரர்கள் கொட்டாவி விடுகிறார்கள், தூங்குகிறார்கள். இசை என்பது கூலிக்குச் செய்யும் இரவு வேலையும்கூட என்பதை அந்தப் படம் சொன்னது.

தோமியேயின் கல்லச்சுகளைப் பெரும் எண்ணிக்கையில் சேகரித்து வைத்திருந்தவர் தெகா. அவர் 1870 அளவில் தீட்டிய 'ஓபராவின் வாத்தியக் குழு' இதே அமைப்பைக் கொண்டது. மேலே நடனப் பெண்களின் தலைகள் சட்டகத்தால் வெட்டப்பட்டிருக்கின்றன. கீழே பஸ்ஸூன் வாசிக்கும் தெசிரே தியோ முன்வரிசையில் நடுநாயகமாக இருக்கிறார். கன்னம் உப்பியிருப்பது, கருவி உடலுக்குக் குறுக்கே சாய்ந்திருப்பது, விரல்கள் அமர்ந்திருக்கும் இடம் எல்லாம் கூர்ந்து கவனித்து வரையப்பட்டவை.

ஆனால் இருக்கை அமைப்பை இந்த ஓவியத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. பஸ்ஸூன் வாசிப்பவர் அந்தக் குழுவில் முன்வரிசையில் உட்காருவதில்லை. நண்பர் என்பதால் தெகா அவரை முன்னுக்குக் கொண்டுவந்தார். குழுவில் இருப்போரில் சிலர் வாத்தியக்காரர்களே அல்லர், ஓவியரின் நண்பர்கள். பின்னால் மாடத்தில் எட்டிப் பார்ப்பவர் இசையமைப்பாளர் ஷப்ரியே. ஆக, தனி மனிதரின் கையும் வாயும் உண்மை. குழுவின் வரிசை கற்பனை. ஓவியத்தில் காட்டப்படும் லெ பெலெத்தியே தெரு ஓபரா அரங்கு 1873 அக்டோபர் இறுதியில் தீயில் அழிந்தது. எனவே அங்கே வாசித்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு இந்த ஓவியத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

அரங்கில் வரைவதற்கு ஒரு வசதி இருந்தது. அக்கால அரங்குகளில் நிகழ்ச்சியின்போது விளக்குகளை முழுவதும் அணைப்பதில்லை. வேறொரு வசதியை இசையே தந்தது. நடப்பவர் கடந்து போய்விடுவார். வில் போடுபவரின் முழங்கையோ, போன இடத்துக்கே திரும்பி வரும். ஒரு முறை தவறவிட்ட கோட்டை அடுத்த வீச்சில் பிடிக்கலாம். தோள், நாற்காலி, கருவியின் சாய்வு ஆகிய மாறாதவற்றை முதலில் போட்டுவிட்டுக் கைக்காகக் காத்திருந்தால் போதும். தெகா குறிப்பேடுகளில் இப்படிப் பலவற்றைச் சேர்த்தார். இறுதி ஓவியத்தை அறைக்குத் திரும்பிய பிறகே, நினைவையும் குறிப்புகளையும் கொண்டு முடித்தார்.

கறுப்புக் கையுறைகள்

தெசிரே தியோவின் குடும்பத்தாருக்கு உறவினர் தூலூஸ்-லோத்ரெக். தெகாவின் அந்த ஓவியத்தை அவர்கள் வீட்டில் பார்த்து வியந்தவர். 1893-ல் அவர் செய்த 'திவான் ஜப்போனே' சுவரொட்டியில் தெகாவின் பாடம் தெரிகிறது. பார்வையாளர் இடத்தில் நடனக் கலைஞர் ஜேன் அவ்ரில் அமர்ந்திருக்கிறார். குழுவிலிருந்து டபுள் பாஸ் கருவிகளின் கழுத்துகள் உயர்ந்து நிற்கின்றன. மேடையில் நிற்கும் பாடகியின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. ஆயினும் நீண்ட கறுப்புக் கையுறைகளைக் கண்டதுமே அது இவெத் கில்பேர் என்று பாரிஸ் மக்களுக்குப் புரிந்தது.

கில்பேரைப் பல முறை வரைந்த லோத்ரெக், 1894-ல் 16 கல்லச்சுகள் கொண்ட தொகுப்பொன்றை 100 படிகள் வெளியிட்டார். உரை எழுதியவர் குஸ்தாவ் ஜெஃப்ருவா. தம்மை இவ்வளவு அவலட்சணமாகக் காட்ட வேண்டாம் என்று பாடகி முன்பே அவரிடம் முறையிட்டிருந்தார். லோத்ரெக் வரைந்த கூர்மூக்கும் இழுபட்ட வாயும் அவருக்கு உவப்பாக இல்லை. ஆயினும் தொகுப்பின் படிகளில் அவரே கையெழுத்திட்டார். புகழ்பெற்ற கலைஞருக்கு மறுத்துப் பேசவும், பேரம் பேசவும், பிறகு ஏற்றுக்கொள்ளவும் இடம் இருந்தது.

தெருவில் நின்றவர்கள்

தெருவில் வாசித்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பாரிஸில் ஒரு மதுக்கடையிலிருந்து கையில் கிட்டாரோடு வெளியே வந்த பெண் ஒருத்தியை மானே கண்டார். தமக்கு உருவம் கொடுக்க வருமாறு கேட்டார். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள் என்று மானேயின் நண்பர் அன்தொனேன் புரூஸ்த் எழுதியிருக்கிறார். அவளுக்குப் பதிலாக விக்தோரின் மெரான் உருவம் கொடுக்க, 1862 அளவில் 'தெருப் பாடகி' உருவானது. பாடகியின் மறுப்பு மதிக்கப்பட்டது. ஆனால் அவள் பெயரும் அதோடு போயிற்று. நாம் காணும் முகம் அவளுடையது அன்று.

1862-ல் மானே தீட்டிய 'முதிய இசைக்கலைஞர்' ஓவியத்துக்கு உருவம் கொடுத்தவரின் பெயர் தெரியும். ழான் லாக்ரேன் என்ற அவர் ரோமா இனத்தவர். தெருவில் கைப்பிடி சுற்றி இசைக்கும் ஆர்கன் பெட்டியைக் கொண்டு பிழைத்தவர். ஓவியத்திலோ அவர் மடியில் வயலின் இருக்கிறது. அமர்ந்திருக்கும் நிலை பண்டைய கிரேக்கச் சிலையொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. முகம் அவருடையது, கருவி அவருடையதன்று. நகரச் சீரமைப்புக்காக ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்ட காலத்தில், இடம் இழந்த மனிதர்களுக்கு மானே ஒரு பெருமிதத்தைக் கொடுக்க விரும்பினார் என்று கொள்ளலாம். அந்தப் பெருமிதத்துக்கு ஆர்கன் பெட்டி பொருந்தவில்லை போலும்.

அதே ஆண்டில் அவர் தீட்டிய 'தூயிலெரித் தோட்டத்தில் இசை' இதற்கு நேர் எதிரானது. கச்சேரி கேட்க வந்த கனவான்களும் சீமாட்டிகளும் அடையாளம் காணும்படி வரையப்பட்டிருக்கிறார்கள். வாசிக்கும் குழுவை மட்டும் காணோம்.

லண்டனில் பகையாக

லண்டனில் தெரு இசையை வரைவதற்குப் பழைய மரபு இருந்தது. ஹோகார்த் 1741-ல் வெளியிட்ட 'சினமுற்ற இசைக்கலைஞர்' அச்சுப்படத்தில், வயலின் வித்துவான் சன்னலில் நின்று காதைப் பொத்திக்கொள்கிறார். கீழே பாட்டு விற்கும் பெண், ஓபோ ஊதுபவர், சாணை பிடிப்பவர், பறை தட்டும் சிறுவன். நகைப்புக்கு இலக்கானவர் மேலே நிற்கும் வித்துவானே.

நூறாண்டுக்குப் பின் நகைப்பின் திசை மாறியது. 'பஞ்ச்' இதழின் ஓவியர் ஜான் லீச், ஆர்கன் சுற்றுவோரைப் பலமுறை கேலியாக வரைந்தார். அவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். லீச்சின் கோட்டில் அவர்கள் அழுக்கான, அடாவடியான அந்நியர்கள். தெரு இசைக்கு எதிராகச் சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய கடிதத்தில் லீச்சும் கையெழுத்திட்டார். கணிப்பொறியின் முன்னோடியான சார்ல்ஸ் பாபேஜும் இந்த இயக்கத்தில் தீவிரமாக இருந்தார். 1864-ல் சட்டம் நிறைவேறியது. வீட்டுக்காரர் தக்க காரணம் சொல்லிக் கேட்டால், வாசிப்பவர் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும் என்றானது. வரைந்தவரின் கோபம் சட்டமாவதற்கு அந்தப் படங்களும் துணை நின்றன.

சான்றாகக் கொள்ளும்போது

இந்தப் படைப்புகளைப் பயன்படுத்துவோர் மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, உடல் சார்ந்த செய்தி. தெகா போன்றோரிடம் கருவியைப் பிடிக்கும் முறையும் மூச்சின் அழுத்தமும் பெரும்பாலும் நம்பத் தக்கவை. இரண்டாவது, அமைப்பு. யார் எங்கே அமர்ந்தார், எதை வாசித்தார் என்பதை வேறு ஆவணங்களோடு ஒப்பிடாமல் ஏற்க முடியாது. மூன்றாவது, வரைபவருக்கும் வரையப்படுபவருக்கும் இருந்த உறவு. தியோ நண்பர், கில்பேர் புகழ்பெற்றவர், லாக்ரேன் கூலிக்கு அமர்ந்தவர், லீச்சின் இத்தாலியர் வெறுக்கப்பட்டவர். எந்த முகம் பெயரோடு நமக்கு வந்து சேர்ந்தது என்பதை இந்த உறவே பெரும்பாலும் தீர்மானித்தது.

தெகாவின் வாத்தியக் குழு இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. மானேயின் முதிய இசைக்கலைஞர் வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்திலும், தெருப் பாடகி பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஓவியத்தின் பெயராக மட்டும் எஞ்சிய அந்தக் கிட்டார்க்காரி என்ன பாடினாள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.