டோர்னக்கல் ஜங்ஷன்

டில்லியிலிருந்து ஊருக்கு ரயிலில் போகும்போது வாரங்கலுக்கும் கம்மத்துக்கும் நடுவே டோர்னக்கல் வரும். பல வருஷம் தூக்கத்திலேயே கடந்திருக்கிறேன். நம்மூர்க்காரர் ஒருவர் வாழ்ந்து முடித்த இடம் அது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலாளர், ஊர் ஊராகப் பயணம், நல்ல பெயர். 1902-இல் யாழ்ப்பாணம் போனவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். மறுவருஷமே நண்பர்களோடு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையது. நிஜாம் ராஜ்யத்தில் இருந்த டோர்னக்கலுக்குச் சங்கம் ஆட்களை அனுப்பியது.

அனுப்பியதோடு நிற்கவில்லை அவர். 1909-இல் குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தானே அங்கே போனார். தெலுங்கு கற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனது அதற்குப் பிறகு, 1912-இல். 1945 ஜனவரி 1-ஆம் தேதி டோர்னக்கலிலேயே காலமானார்.

எங்கள் சபைக் கமிட்டியில் 'ஆள் அனுப்பலாம்' என்றதும் முதலில் கை தூக்குபவன் நான்தான். 'யார் போவது?' என்று கேட்டால் செல்போனைப் பார்ப்பேன். உங்களுக்கும் அப்படித்தானா?