தாது வருஷத்துப் படங்கள்

எங்க வீட்டு நடுச்சுவத்துல மூணு படம் மாட்டியிருக்கு. அப்பா, அம்மா, தாத்தா. தாத்தாவை உயிரோடு இருக்கும்போது யாரும் படம் எடுக்கல. செத்த அன்னைக்கு நாற்காலியில உட்கார வச்சு, மாலை போட்டு, தாடையைத் துணியால கட்டி எடுத்த படம் அது. அவருக்கு மேல உள்ளவங்களுக்கு எங்க வீட்டுல முகமே கிடையாது. பழைய பத்திரத்துல பேரு இருக்கு, அவ்வளவுதான்.

சின்ன வயசுல சோத்தை அள்ளி அள்ளித் தின்னா ஆத்தா திட்டும்: "தாது வருஷத்துல இருந்து வந்தவனாட்டம் திங்கறான் பாரு." ஆத்தாவும் அந்த வருஷத்தைப் பார்த்ததில்லை, அதோட பாட்டி சொல்லிக் கேட்டதுதான். ரொம்ப நாள் அதை ஏதோ கதைன்னுதான் நினைச்சிருந்தேன். போன வருஷம் மகள் செல்போன்ல ஒரு படத்தைக் காட்டி, "அப்பா, நீ சொல்வியே தாது வருஷம், இதுதான்" என்றாள்.

எலும்பும் தோலுமா ஆணும் பெண்ணும் குழந்தைகளுமா ஒரு கூட்டம். நெஞ்செலும்பை எண்ணிடலாம். வரிசையா உட்கார வச்சிருக்காங்க. எல்லாரும் கேமராவைப் பார்க்க வைக்கப்பட்டவங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. அப்புறம் அதைப் பத்திக் கிடைச்சதை எல்லாம் மகளை வச்சுத் தேடிப் படிச்சேன். அதைத்தான் இங்க எழுதறேன்.

தாது வருஷம்னா 1876-77. மழை பொய்த்து, சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் எல்லாம் காய்ஞ்சு போச்சு. பஞ்சம் 1878 வரைக்கும் இழுத்தது. செத்தவங்க 50 லட்சத்துக்கு மேலன்னு கணக்கு, அதுக்கும் ரொம்ப அதிகம்னு சொல்றவங்களும் உண்டு. எங்க பக்கம் அப்போ சேலம் ஜில்லா. ரொம்ப அடிபட்ட ஜில்லாக்கள்ல அது ஒண்ணு. 1871 கணக்கெடுப்புல இருந்த ஜனத்தொகை 1881ல குறைஞ்சு போயிருந்தது. பத்து வருஷத்துல பிறந்த பிள்ளைகளை எல்லாம் சேர்த்தும் குறைவுன்னா யோசிச்சுப் பாருங்க. தப்பினவங்கள்ல நிறைய பேர் கண்டிச் சீமைக்குக் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனாங்க.

படம் எடுத்தவர் பேரு வில்லோபி வாலஸ் ஹூப்பர். சென்னை குதிரைப்படையில அதிகாரி. நல்ல கைத்திறன் உள்ள ஆள். 'இந்திய மக்கள்' என்று 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதியா அரசாங்கம் போட்ட புத்தகத்துக்கு இவரும் படம் கொடுத்திருக்கார். ஒவ்வொரு சாதியையும் குலத்தையும் நிக்க வச்சு எடுத்து, இவன் இன்ன சாதி, இன்ன குணம்னு குறிப்பு எழுதின புத்தகம் அது. சந்தையில மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரின்னு எனக்குத் தோணுச்சு. இவர் புலி வேட்டையையும் வரிசையாப் படம் எடுத்து வச்சிருக்கார். அப்புறம் பஞ்சம் வந்தது, அதையும் எடுத்தார்.

அந்தக் காலத்துல படம் எடுக்கிறது இப்ப மாதிரி விரலால தட்டுற வேலை இல்ல. பெரும்பாலும் ஈரத்தகடு முறைதான். கண்ணாடித் தகட்டுல ஒரு பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசல்ல முக்கி, காயறதுக்கு முன்னால கேமராவுல வச்சு எடுக்கணும். உடனே இருட்டுக் கூடாரத்துக்குள்ள கொண்டுபோய்க் கழுவணும். எதிர்ல இருக்கிறவங்க சில வினாடி ஆடாம அசையாம இருக்கணும். இதைப் படிச்சப்போ என் விவசாயப் புத்தி வேற பக்கம் போயிடுச்சு. தகடு கழுவ நல்ல தண்ணி வேணுமே. கிணறு வத்தின வருஷத்துல அந்தத் தண்ணியை யார் சேந்திக் கொண்டுவந்து கொடுத்திருப்பாங்க?

அந்தப் படங்கள்ல ஒண்ணுக்கு அவங்க வச்ச தலைப்பு, 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்'. இங்கிலீஷ்ல 'ஆட்கள்'னு கூட இல்லை, 'ஆப்ஜெக்ட்ஸ்'னு இருக்கு. அந்தக் கால இங்கிலீஷ்ல அப்படிச் சொல்றது வழக்கம்தான்னு மகள் சொல்றா. இருக்கட்டும். எனக்கு உறுத்தினது 'தகுதி'ங்கிற வார்த்தை.

ஏன்னா அப்போ சோறு சும்மா கிடைக்காது. உடம்புல தெம்பு உள்ளவன் ரோடு போடணும், கால்வாய் வெட்டணும், கல் உடைக்கணும். அதுக்கும் முடியாதவனுக்குத்தான் இலவசம். செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பி வச்ச சர் ரிச்சர்டு டெம்பிள், 1877 ஜனவரியில ஆம்பிளைக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும்னு ஆக்கினார். ஒரு பவுண்டுன்னா அரைக்கிலோ கூட இல்லை. நாள் முழுக்க மண் வெட்டுறவனுக்கு அது எந்த மூலைக்கு? சென்னை மாகாண சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் அப்பவே எதிர்த்தார். இதைத் தின்னுட்டு வேலை செஞ்சா ஆள் மிஞ்ச மாட்டான்னு எழுத்து மூலம் வாதாடினார். கொஞ்ச மாசம் கழிச்சுதான் கூலியைக் கூட்டினாங்க. அவர் மாதிரி ஆட்களும் அந்த ஆட்சியில இருந்தாங்கன்னு சொல்லாம விடக்கூடாது.

ஆக, அந்தப் படத்துல உட்கார்ந்திருக்கிறவங்க மண்வெட்டியைத் தூக்கக்கூட முடியாதுன்னு கண்ணால பார்த்து முடிவு செய்யப்பட்டவங்க. எந்த ஊரு, என்ன பேரு, எத்தனை ஏக்கர் வச்சிருந்தாங்க, மாட்டை என்ன விலைக்கு வித்தாங்க, யாரை வழியில விட்டுட்டு வந்தாங்க, ஒண்ணும் கிடையாது. விலா எலும்புதான் அவங்க அடையாளம்.

இதே சமயத்துல இன்னொரு படமும் எடுத்தாங்க. விக்டோரியா மகாராணி இந்தியாவுக்குச் சக்கரவர்த்தினி ஆகிறதை ஒட்டி, 1876ல டவுனி சகோதரர்கள் ஸ்டூடியோ எடுத்தது. அம்மா உட்கார்ந்திருக்கிறது தந்தச் சிம்மாசனம். அது எங்கிருந்து போச்சு தெரியுமா? திருவிதாங்கூர் மகாராஜா செஞ்சு அனுப்பினது, 1851ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சியில வச்சிருந்தாங்க. தெற்கத்தித் தந்தத்து மேல உட்கார்ந்து படம் எடுத்துக்கிட்டாங்க, தெற்கு முழுக்க ஜனம் பட்டினியில கிடக்கிற காலத்துல. 1877 ஜனவரி 1ஆம் தேதி தில்லியில லிட்டன் பிரபு பெரிய தர்பார் நடத்தி அந்தப் பட்டத்தை அறிவிச்சார். மகாராணி வரல. ராஜாக்கள் யானையும் பரிவாரமுமா வந்தாங்க. அந்த ராஜாக்கள் படத்துல ஒவ்வொருத்தருக்கும் பேரு, பட்டம், எத்தனை குண்டு மரியாதைங்கிறது வரைக்கும் கணக்கு இருக்கு.

ஹூப்பரைப் பத்தி இன்னொண்ணு. பத்து வருஷம் கழிச்சு அவர் பர்மாவுல இருந்தார். மாண்டலேயில 1886ல பர்மாக்காரங்களைச் சுட்டுக் கொல்றப்போ, குண்டு பாயற நேரத்தைப் படம் பிடிக்கணும்னு, குறி பார்த்து நின்ன சிப்பாய்களைக் காக்க வச்சார்னு லண்டன் பத்திரிகையிலயே வந்து நாறிப் போச்சு. விசாரணை நடந்தது, கண்டிச்சாங்க. அடுத்த வருஷமே பர்மா படங்கள் நூறைச் சேர்த்துப் புத்தகம் போட்டுட்டார்.

இவரை அரக்கன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஆனா என்னால அப்படியும் போக முடியல. அவர் எடுக்காம விட்டிருந்தா? கும்மிப் பாட்டா ஜனங்க பாடி வச்சது உண்டு, அதைப் பாடறவங்க எங்க ஊர்ல யாரும் இப்போ இல்லை. என் மகளே முதல்ல நம்பியிருக்க மாட்டா, ஆத்தா கட்டின கதைன்னு விட்டிருப்பா. அந்த மனுஷன் எந்த மனசோட எடுத்தாரோ, எனக்கு மிஞ்சின சாட்சி அது ஒண்ணுதான். அது என் ஜனத்தோட படம், ஆனா என் ஜனத்துக்காக எடுத்ததில்லை. இதை எப்படி வச்சுக்கிறதுன்னு எனக்கு இன்னமும் பிடிபடல.

சென்னையில இருக்கிறவங்க பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டித்தான் தினம் போறீங்க. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு அந்தப் பஞ்சத்துல கூலிக்கு வந்த ஜனம் வெட்டினது. பேரு அப்போ கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் கோமகனோடது. அவர் படம் தேடின உடனே கிடைச்சது. வெட்டினவங்கள்ல ஒருத்தர் பேரு கூட எனக்குக் கிடைக்கல.

எங்க ஊர்ல நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்களை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. வந்தாங்களா இல்லையான்னு செல்போன் ஆப்ல ஏத்தணுமாம். ஏரிக்கரையில சிக்னல் இல்லேன்னா அன்னைக்குக் கூலி என்னாகுமோன்னு பயம். தட்டுக்கூடையைக் கீழ வச்சுட்டு வெயில்ல வரிசையா நிப்பாங்க. எங்க காட்டுக்குப் பக்கத்துக் காட்டு அத்தை, அறுபது தாண்டினவங்க, ஒரு நாள் கேட்டாங்க: "ஏப்பா, இத்தனை படம் புடிக்கறாங்களே, ஒண்ணைக் கூட எங்களுக்குக் காட்ட மாட்டேங்கறாங்களே?"

அவங்களுக்கு ரேஷன் கார்டுலயும் ஆதார்லயும் உள்ளது தவிர வேற படம் இல்லையாம். நான் எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தர்றேன்னு சொன்னேன். அப்பவே அங்கேயே எடுக்கலாம்னு செல்போனைத் தூக்கினேன். "இரு இரு, இந்தக் கோலத்துலயா" என்று கையை மறிச்சுட்டாங்க. வீட்டுக்குப் போய், பெட்டியில இருந்து மகள் கல்யாணத்துக்குக் கட்டின சேலையை எடுத்துக் கட்டி, தலை சீவி, பொட்டு வச்சு, எருமையையும் கூடப் பிடிச்சுக்கிட்டு வர முக்கால் மணி நேரம் ஆச்சு. வாசல்லயே நின்னுட்டிருந்தேன்.